முதியோர் இல்லம்: கட்டுரைத் தலைப்பும் விண்ணப்பப் படிவமும்



சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்து, ஆறாம் வகுப்புகளின் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்தும் எவருக்கும் ஒரு கதை மனப்பாடமாகியிருக்கும். வசதி படைத்த மகன், அவனுடைய மனைவி, வயதான தாய். மனைவியின் பேச்சைக் கேட்ட மகன் தாயை மகிழுந்தில் ஏற்றிச் சென்று முதியோர் இல்லத்தின் வாசலில் இறக்கிவிடுகிறான். தாயின் கண்களில் நீர் தாரை தாரையாக வழிகிறது. ஆண்டுகள் உருண்டோடுகின்றன. அவன் பெற்ற மகன் அவனையும் அதே வாசலில் இறக்கிவிடுகிறான். பொருத்தமான ஒரு பழமொழியுடன் கட்டுரை நிறைவு பெறுகிறது. தலைப்பு ‘முதியோரை மதிப்போம்’ என்றாலும் சரி, ‘மறக்க முடியாத நிகழ்ச்சி’ என்றாலும் சரி, இக்கதை எப்படியோ உள்ளே நுழைந்துவிடும். மரபுத்தொடர்கள் நிறைந்திருப்பதால் நல்ல மதிப்பெண்ணும் பெற்றுவிடும்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. தொலைக்காட்சித் தொடர்களும் பட்டிமன்ற மேடைகளும் ஓயாமல் சொல்லும் கதையைத்தானே அவர்களும் எழுதுகிறார்கள்! ஆனால் கதை வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மாணவர் மருத்துவமனையில் சமூக சேவையாளரின் எதிரே அமர்ந்திருக்கிறார். மேசைமீது தாதிமை இல்லத்திற்கான விண்ணப்பப் படிவம் இருக்கிறது. கையொப்பமிட்டால் தாம் அந்தக் கதையில் வரும் மகனாகிவிடுவோமோ என்ற அச்சத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். நம் குடும்பங்கள் உதவிக்கு விண்ணப்பிப்பதில் காலந்தாழ்த்துவதற்கு அறியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இந்தக் கதைதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கட்டுரைகளில் வரும் ‘முதியோர் இல்லம்’, நடமாடக்கூடிய, ஆனால் ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் இடம். இங்கே நம் குடும்பங்கள் விண்ணப்பிக்க நேர்வது தாதிமை இல்லத்திற்கு. தாமே எழுந்து நடக்க இயலாதவர்கள், படுக்கையில் புரட்டிவிட வேண்டியவர்கள், குழாய்வழி உணவு பெறுகிறவர்கள், நாள்தோறும் தாதியின் கவனிப்புத் தேவைப்படுகிறவர்கள் ஆகியோருக்கானது அது. மகன் நினைத்த மாத்திரத்தில் தாயை வாசலில் இறக்கிவிட்டு வரக்கூடிய இடமன்று. மருத்துவரின் அறிக்கை வேண்டும். உடலியக்க மதிப்பீடு வேண்டும். வீட்டுப் பராமரிப்பு, பகல்நேரப் பராமரிப்பு நிலையம் போன்ற வழிகள் ஏன் போதவில்லை என்ற விளக்கமும் வேண்டும். வீட்டில் எல்லா வழிகளையும் முயன்று பார்த்தவருக்கே அந்தக் கதவு திறக்கிறது. கதையில் வரும் கொடுமைக்காரன் விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பப்படுவான்!

கடமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை 1995ஆம் ஆண்டிலேயே இயற்றிய நாடு இது. அப்போது நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம். தம்மைத் தாமே பேணிக்கொள்ள வழியில்லாத 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர அது வழிசெய்கிறது. பெற்றோரைக் கைவிடாதே என்பது அச்சட்டத்தின் உட்பொருள். ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. அதே நாடுதான் தாதிமை இல்லப் படுக்கைகளைப் பெருக்கியும் வருகிறது. 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16,200ஆக இருந்த படுக்கைகளை 2030ஆம் ஆண்டிற்குள் 31,000க்கு மேல் உயர்த்துவது சுகாதார அமைச்சின் திட்டம். அந்த ஆண்டு வாக்கில் குடிமக்களில் நால்வருள் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார்.

இனி எனக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தேசியக் கல்விக் கழகத்தில் என்னோடு பயிற்சி பெற்றவர் அவர். மணமாகாதவர். மூத்த சகோதரர்கள் இருவருக்கும் குடும்பம் உண்டு. ஆகவே, ‘நீதானே தனியாக இருக்கிறாய்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட தாயாரின் பொறுப்பு அவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. (நம் வீடுகளில் மணமாகாத பெண்ணின் நேரம் எல்லாருக்கும் பொதுச் சொத்து.) பகலில் பணிப்பெண், இரவில் இவர். இரவில் மூன்று முறை எழுந்து தாயாரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, காலை ஏழரை மணிக்குள் பள்ளி மண்டபத்தில் நிற்பார். ஐந்து ஆண்டுகள் இப்படிச் சென்றன. பணிப்பெண் ஊருக்குப் போன மாதங்களில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். கடைசியில் முதுகெலும்புத் தட்டு விலகி இவரே மருத்துவமனையில் சேர்ந்தார். அன்றுதான் தாயாருக்காக முதன்முறையாக ஒரு படிவம் எழுதப்பட்டது. அவசரத்தில் எழுதப்பட்டதால் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கவோ முன்கூட்டிச் சென்று பார்க்கவோ நேரமில்லை. தீவின் மறுகோடியில் இடம் கிடைத்தது. பிறகு அவர் வேலையையும் விட்டார். இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஒருவரைப் பள்ளி இழந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் இடைக்கால ஓய்வுப் பராமரிப்பைப் பயன்படுத்தவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாமலில்லை. “அம்மாவ ஒரு வாரம் அங்க விட்டுட்டா ஊரு என்ன சொல்லும்?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஊரில் ஒருவர்கூட இரவு இரண்டு மணிக்கு வந்து அவருடைய தாயாரைப் புரட்டிப் படுக்க வைத்ததில்லை என்பதும் தெரியும்.

இந்த இடைக்காலப் பராமரிப்பைப் பற்றித்தான் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முதியவரை நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு அன்று இது. பராமரிப்பவர் ஓய்வெடுக்க, அறுவை சிகிச்சை செய்துகொள்ள, வெளியூரில் ஒரு திருமணத்திற்குச் சென்றுவர, முதியவரைச் சில நாள் வேறு கைகளில் ஒப்படைக்கும் ஏற்பாடு. தாதிமை இல்லத்தில் குறைந்தது ஒரு வாரமும், ஆண்டுக்கு 30 நாள் வரையிலும் தங்கவைக்கலாம். மூத்தோர் பராமரிப்பு நிலையங்கள் சிலவற்றில் வார இறுதியில் மட்டும் விடலாம். முதுமை மறதி நோயினால் இரவெல்லாம் உறங்காமல் நடமாடுகிறவர்களுக்காக இரவுநேரப் பராமரிப்பும் சில இடங்களில் உண்டு. வீட்டிற்கே ஆள் வந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் முறையும் உண்டு. அரசாங்க மானியமும் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும். 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு அறிவித்த பராமரிப்பாளர் ஆதரவுத் திட்டத்தில் இத்தகைய ஓய்வுக்கு முன்கூட்டியே பெயர் பதிந்துவைக்கும் வழியும் சேர்க்கப்பட்டது. ஆள் விழுந்த பிறகு படிவம் தேடி ஓடாதிருக்கவே அந்த ஏற்பாடு.

ஆசிரியர்களுக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் விடுமுறைகள் கல்வி அமைச்சின் நாட்காட்டியில் அச்சடிக்கப்பட்டவை. மார்ச்சில் ஒரு வாரம், ஆண்டு நடுவில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம். நமக்கு மட்டுமல்ல, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அனைத்திற்கும் இதே நாட்காட்டிதான். எல்லாரும் ஜூனிலும் டிசம்பரிலுமே கேட்டால் படுக்கைக்கு எங்கே போவது? ஆகவே ஜூன் மாதத்திற்கு வேண்டுமென்றால் மார்ச் விடுமுறையிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அதைவிட நல்ல வழியும் ஒன்றுண்டு. விடுமுறைக்காகக் காத்திராமல், ஆறாம் வகுப்பாசிரியர்கள் தேர்வுப் பணியில் மூழ்கும் ஆகஸ்டு, செப்டம்பர் வாரங்களிலேயே ஒரு வார ஓய்வுப் பராமரிப்பை ஏற்பாடு செய்துகொள்வது. ஓய்வு என்றால் சுற்றுலா என்று பொருளில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் முழுதாக உறங்குவதும் ஓய்வுதான்.

இப்போது விண்ணப்பத்திற்கு வருவோம். இங்கே அது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாகச் செல்கிறது. முதியவர் மருத்துவமனையில் இருந்தால் அங்குள்ள மருத்துவச் சமூக சேவையாளர் விண்ணப்பத்தை அனுப்புவார். வீட்டில் இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ, வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் முகப்புகளுக்கு நேரில் சென்றும் கேட்கலாம். மருத்துவப் பகுதியை மருத்துவர் நிரப்புவார். முதியவரின் இயக்கத்தை மதிப்பிட்டு நான்கு பிரிவுகளுள் ஒன்றில் வைப்பார்கள். முதல் பிரிவு பெரும்பாலும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, நான்காம் பிரிவு முழுமையாகப் பிறரைச் சார்ந்திருப்பவர்களுக்கு. தாதிமை இல்லத்தில் இடம் பெறுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் பிரிவினரே.

இந்த மதிப்பீட்டில்தான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஒரு முறை உறவினர் ஒருவருக்கு மொழிபெயர்த்து உதவ நான் உடன் சென்றிருந்தேன். மதிப்பீடு செய்தவர் கேட்ட கேள்வியைப் பாட்டியிடம் தமிழில் கேட்டேன்.

“பாட்டி, நீங்களே குளிச்சுக்குவீங்களா?”

“ஏன், நானே குளிச்சுக்குவேனே! எனக்கென்ன கையா காலா விளங்கல?”

அருகில் நின்ற மகனும் மருமகளும் வாய் திறக்கவில்லை. நாள்தோறும் அவரைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, நாற்காலியில் அமர்த்தி, நீரூற்றிவிடுபவர் அதே மருமகள். மாமியாரின் சொல்லை அந்நியர் முன்னிலையில் மறுப்பதாவது! மரியாதை காக்கப்பட்டது. படிவத்தில் ‘உதவி தேவையில்லை’ என்று பதிவாகியிருக்கும். நான் குறுக்கிட்டு, “அக்கா, நேத்து யார் குளிப்பாட்டினது?” என்று கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது.

தமிழாசிரியர்களுக்கு இது நன்கு விளங்கும். ‘செய்ய முடியும்’ என்பது வேறு, ‘செய்கிறார்’ என்பது வேறு, ‘செய்துவிடுகிறோம்’ என்பது வேறு. பாட்டி முதல் சொல்லில் விடையளித்தார். கேட்கப்பட்டதோ இரண்டாவது. வீட்டில் நடப்பதோ மூன்றாவது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்று ஆறு செயல்களைக் கேட்பார்கள். 2020ஆம் ஆண்டில் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதியிலும் இந்த ஆறுதான். அவற்றுள் மூன்றையேனும் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாதவருக்கு மாதந்தோறும் தொகை கிடைக்கும். மதிப்பீட்டிற்கு முன் ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரவில் எத்தனை முறை எழுப்பினார், எத்தனை முறை விழுந்தார், எந்த வேளை உணவை ஊட்டவேண்டியிருந்தது என்று நாளும் நேரமும் குறித்து எழுதுங்கள். பெற்றவரின் எதிரே சொல்லக் கூசினால் அந்தக் குறிப்பை மருத்துவரிடம் தனியே கொடுங்கள். அது அவமரியாதை ஆகாது. பொய்யான ‘முடியும்’ ஒன்றினால் அவருக்கு உரிய உதவி மறுக்கப்படுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது வருமான மதிப்பீடு. மானியம் குடும்பத்தின் தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற கணக்கில் முடிவாகிறது. அடையாள அட்டையில் அதே முகவரியைக் கொண்டு உடன் வசிக்கும் குடும்பத்தார் கணக்கில் வருவார்கள். ஆகவே அவர்களுடைய ஒப்புதலும் வேண்டும். வருமானமே இல்லாத வீடாக இருந்தால் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள். சகோதரர்களுக்குள் மனக்கசப்பு இருக்கும் வீடுகளில் விண்ணப்பம் தேங்கி நிற்பது இங்கேதான். ஒருவர் கையொப்பமிட வரமாட்டார். இன்னொருவர், “நான் ஏன் என் சம்பளத்தைக் காட்டணும்?” என்பார். தாதியின் பராமரிப்பு தேவைப்படும் தாய் மூன்று பேருடைய ரோஷத்திற்காகக் காத்திருப்பார். இந்தப் பேச்சை நோய் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. அதே மூச்சில் நீடித்த அதிகாரப் பத்திரத்தையும் செய்துவிடுங்கள். மன ஆற்றல் சட்டத்தின்கீழ் 2010ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருப்பது அது. முதியவருக்குத் தெளிவு இருக்கும்போது மட்டுமே அதைச் செய்ய இயலும். தெளிவு போன பிறகு நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

அமைப்பு முறையில் குறையே இல்லையா என்று கேட்டால், உண்டு. படிவங்கள் ஆங்கிலத்தில் அடர்த்தியாக இருக்கின்றன. ஐம்பது வயது மகளுக்கே தலைசுற்றும்போது எழுபது வயதுக் கணவர், படுத்த படுக்கையான மனைவிக்காக அவற்றை எப்படி நிரப்புவார்? குறிப்பிட்ட வட்டாரத்தில் குறிப்பிட்ட இல்லம்தான் வேண்டுமென்றால் காத்திருப்பும் நீளும். இல்லங்களில் தமிழ் பேசும் ஊழியர் ஒரு மாற்றுப்பணியில் இருப்பார், அடுத்ததில் இருக்கமாட்டார். ஜொகூர் பாருவில் கட்டணம் குறைவு என்று அங்குள்ள தனியார் இல்லங்களை நாடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறமாட்டேன். ஆனால் இங்குள்ள தாதிமை இல்ல மானியம் கடற்பாலத்தைக் கடந்து வராது என்பதைக் கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பாலத்தில் நிற்கும் வரிசையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், எத்தனை வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பீர்கள் என்று.

வகுப்பறைக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி, கட்டுரை எழுதச் சொன்ன நாளில் வெறும் தாளைக் கொடுத்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. என்னவென்று கேட்டதற்கு, “டீச்சர், எங்க பாட்டி நர்சிங் ஹோம்ல இருக்காங்க. எங்கப்பா கெட்டவரா?” என்றாள். அவளுக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த பையன், மகன் தாயைக் கைவிடும் அந்தக் கதையைச் சற்றுமுன்தான் உரக்கப் படித்திருந்தான். அவளுடைய தந்தை பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து நாள் தவறாமல் இல்லத்திற்குச் சென்று தம் தாய்க்கு இரவு உணவு ஊட்டிவிட்டு வீடு திரும்புகிறவர். அவரைப் பற்றி எழுத அச்சிறுமிக்கு நம் கட்டுரை மரபு ஒரு சொல்கூடக் கொடுத்திருக்கவில்லை.

இன்று எந்தத் தமிழ் வகுப்பிலும் இப்படிப்பட்ட பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக்கூடும். ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகளிலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடுங்கள். கைவிடுதல் நம் சமூகத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இல்லத்தில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாதவர்களும் இருக்கிறார்கள். ‘பாட்டியைப் பார்க்கச் சென்றேன்’ என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். ஊர், வீடு, மருத்துவமனை, இல்லம் என எதை வேண்டுமானாலும் பிள்ளை எழுதட்டும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு சிறிய வேலை. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழிகள் பலருக்கு முதலில் நழுவுகின்றன. நாற்பது ஆண்டுகள் சந்தையில் மலாய் பேசியவர் தமிழில் மட்டுமே தண்ணீர் கேட்பார். பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த தாதிக்கு அது புரியாது. ஓய்வுப் பராமரிப்பாக இருந்தாலும் நிரந்தரமாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் ஓர் அட்டை தயாரியுங்கள். தண்ணீர், வலி, பசி, போதும், குளிர், சிறுநீர், பயம் என்று இருபது சொற்கள். ஒவ்வொன்றின் தமிழ் ஒலிப்பையும் ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதுங்கள். கூடவே அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார், தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வாரா, வெள்ளிக்கிழமை மீன் தவிர்ப்பாரா, எந்தப் பழைய பாடலுக்குத் தலையசைப்பார் என்பதையும் எழுதுங்கள். நான் சொன்ன அந்த மாணவி தன் பாட்டிக்காக இப்படி ஓர் அட்டை செய்து, தாளுறையிட்டுக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வந்தாள். ‘போதும்’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். பாட்டி போதும் போதும் என்றாலும் தாதியர் ஊட்டிக்கொண்டே இருக்கிறார்களாம்.